மைக்கில் படித்த வாக்கியம்

மாமல்லபுரம் சாலையில் உள்ள அந்தப் பள்ளியில், இலக்கணத் தேர்வில் தோற்றவர்கள் தங்கள் பிழையான வாக்கியத்தைக் காலைக் கூட்டத்தில் மைக்கில் படிக்க வேண்டும். அன்று ஒன்பதாம் வகுப்பு கண்ணகியின் முறை.

“படிக்க மாட்டேன். வூட்டுக்குப் போறேன், இனிமே வரமாட்டேன்.”

“போயேன். வந்து மட்டும் இன்னா கிழிச்ச?” என்றார் தலைமையாசிரியர். பிள்ளைகள் சிரித்தார்கள்.

தமிழாசிரியை ஜாய்ஸ் மனத்துக்குள் ஜெபித்தபடி அவளுடைய தாளை வாங்கி, தாமே மைக்கில் படித்தார்: “பறவைகள் ஏரிக்கு வந்தது.” பிறகு, “நான் சொல்லிக்கொடுத்த லட்சணம் இது. என்னப் பாத்து சிரிங்க” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை.

“ரூமுக்கு வாங்க டீச்சர், விளக்கம் எழுதிக் குடுங்க” என்றார் தலைமையாசிரியர்.

“உங்கள யாரு டீச்சர் கேட்டது?” என்று கண்ணகியும் சீறினாள்.

மணி அடித்தது. அவள் வெளிவாசலைப் பார்த்தாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு, முகம் கொடுக்காமல் வகுப்புக்குப் போனாள். ஜாய்ஸ் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டார்.