எந்த மலைக் கல்?

கற்கால மனிதன் கத்தியாகச் செதுக்கிய எரிமலைக் கண்ணாடித் துண்டு எந்த மலையிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்து, வரைபடத்தில் புள்ளி வைப்பதுதான் கல்கத்தாவில் என் உத்தியோகம். ஒவ்வொரு மலையின் கண்ணாடிக்கும் அதற்கே உரிய ரசாயனச் சேர்க்கை உண்டு. துண்டு எத்தனை தூரம் தள்ளிக் கிடைத்தாலும் அதன் மலையைச் சொல்லிவிடலாம். எந்த மலை என்று சொல்லாமல் கட்டுரையில் ஒரு துண்டைக் காட்டினால் எங்கள் துறையில் காறித் துப்புவார்கள்.

என் கணவர் பத்மநாபனுக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது. அவர் வங்கி அதிகாரி. சென்னை வாரப்பத்திரிகையில் நகைச்சுவைத் தொடர்கதை எழுதிப் பேர் வாங்கியவர். "பந்த் அன்னிக்கு மட்டும்தான் இந்த மனுஷனுக்கு ஆபீஸ் போகத் துடிக்கும்" என்று பாலிகஞ்ச் வீட்டுச் சமையலறையில் நான் எரிந்து விழுந்தால், அடுத்த வாரம் அதை அவருடைய கதாநாயகி சொல்லுவாள். தமிழ்நாடே சிரிக்கும். பத்து நாவலும் என் வாயால்தான் ஓடின. முதல் பக்கத்தில் என்ன போட்டார் தெரியுமா? 'பொறுமைசாலி மனைவிக்கு.' பொறுமையா? எனக்கா?

2002இல் பவானிபூரில் தமிழர்கள் கூடி அவருக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள்.

"இவ்வளவு நகைச்சுவை எங்கேருந்து சார் வருது?" என்று ஒருவர் கேட்டார்.

"தானா வரது. குளிக்கறச்சே," என்றார் இவர், கொஞ்சமும் கூசாமல். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

எனக்கும் ஒரு பொன்னாடை போர்த்த மேடைக்குக் கூப்பிட்டார்கள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"குளிக்கறச்சே வரதாம்! குளிச்சா இவருக்கு வரது சளி ஒண்ணுதான். அந்த பந்த் ஜோக் நான் சொன்னது. மாமியார் வெங்காயம் நறுக்கினாத்தான் மாட்டுப்பொண்ணை நினைச்சு அழுவாங்கறதும் நான் சொன்னது. எல்லாம் என் வாயிலேர்ந்து பொறுக்கினது!"

அரங்கம் அதிரச் சிரித்தது. கைதட்டல் ஓயவே இல்லை. கீழே இறங்கியதும், துறைமுக அதிகாரியின் மனைவி சாதனா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிரமாதம் மாமி! மாமா எழுதிக் குடுத்தாரா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பும்போது, டாக்ஸியில் அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"அந்தச் சளி... எப்படிச் சொன்னே? இன்னொரு தரம் சொல்லேன்."

அங்கே மூடிய வாயை நான் வீட்டில் திறக்கவே இல்லை. மூன்றாவது வாரம் தொடர்கதை வரவில்லை. 'ஆசிரியருக்கு உடல்நலக் குறைவு' என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள்.

சுத்தப் பொய். மனுஷர் கல்லுக்குண்டு மாதிரிதான் இருந்தார், தினமும் இரண்டு வேளை குளித்துக்கொண்டு.