மூன்றாவது துப்பாக்கி

ஆறாவது தோட்டா விரலிலிருந்து நழுவி மேசைமேல் உருண்டது. வெர்னா அதைப் பிடிக்கப் போகவில்லை. உருண்டுபோய் உப்பு டப்பாவில் முட்டி நின்ற பிறகு, கண்ணால் பார்த்து, இரண்டு விரலால் கவ்வி எடுத்து, துப்பாக்கிக்குள் போகிற கிளிப்பில் திணித்தாள். ஒரு கிளிப்புக்கு எட்டு. முனையில் குண்டு கிடையாது. மருந்தும் சத்தமும் மட்டும்தான். அடக்கத்தின்போது மரியாதைக்காக வானத்தைப் பார்த்துச் சுடுகிற வெற்றுத் தோட்டாக்கள்.

கீமோ அவளுடைய மார்பில் இருந்த புற்றைக் கொன்றது. போகிற போக்கில் விரல் நுனிகளையும் கொன்றுவிட்டுப் போயிருந்தது. ஆறு வருஷமாகிறது. பொத்தானோ ஊசியோ நெருப்போ, எதுவும் விரலுக்குத் தெரியாது. பிசைந்து பழகச் சொல்லி மருத்துவமனையில் ஒரு பசை உருண்டை கொடுத்தார்கள். ஹார்லன் அதைக் குப்பையில் போட்டுவிட்டு, முன்னாள் படைவீரர் சங்கத்தின் தோட்டாப் பெட்டியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். "அந்தச் சனியனைப் பிசைஞ்சு யாருக்கு என்ன லாபம்? இதைப் போடு. ஊருக்காவது உதவும்." அன்றிலிருந்து மேற்கு வர்ஜீனியாவின் அந்த மலைப்பக்கத்தில் எந்த முன்னாள் சிப்பாய் செத்தாலும், அவன் குழிமேல் வெடித்ததெல்லாம் வெர்னாவின் சமையலறையில் கிளிப்பில் ஏறிய தோட்டாக்கள்தான்.

இன்றைக்குப் போடுவது ஹார்லனுக்கு.

புதன்கிழமை காலை அவன் காப்பியை ஊற்றி, கோப்பையை அவள் பக்கம் நகர்த்தி, "சூடு" என்றான். ஆறு வருஷமாகத் தினமும் சொல்வதுதான். அடுப்புப் பக்கம் போனால் சூடு, குழாயைத் திறந்தால் சூடு, கடையில் சூப் வந்தால் சூடு. கேட்டுக் கேட்டு, அந்தச் சொல் காதில் விழுந்தாலே அவள் கை தானாகப் பின்வாங்கும். அன்றும் வாங்கியது. அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு வண்டிக்குப் போனான். இஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது, வண்டி கிளம்பவில்லை. ரேடியோவில் எவனோ துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றி உளறுகிறான், இவர் உட்கார்ந்து அவனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து அவள் காப்பியைக் குடித்தாள். அவசரமில்லாமல், கோப்பை காலியாகும்வரை குடித்தாள். வெளியே போய்ப் பார்த்தபோது வண்டிக்குள் அவன் உயிர் போயிருந்தது. நாலு நாளாக அவள் தொண்டையில் நிற்பது அந்தக் காப்பிதான். அழுகை இன்னும் வரவில்லை.

முதலில் போக வேண்டியவள் அவள். ஊரே அதற்குத் தயாராக இருந்தது. என்ன பாட்டு, என்ன உடுப்பு, எந்தப் பூ என்று அவளே எழுதிவைத்த மஞ்சள் ஃபைல் ஆறு வருஷமாக இழுப்பறையில் கிடந்தது. வியாழக்கிழமை அதை எடுத்து, உடுப்பு என்ற வரியை மட்டும் அடித்துவிட்டு, மீதியை அப்படியே பாதிரியாரிடம் கொடுத்தாள். அவர் படித்துப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி படித்தார்.

பின்கதவு திறந்தது. ஹார்லனின் அக்கா ஓப்பல் உருளைக்கிழங்குத் தட்டோடு உள்ளே வந்தாள். காலில் புதுக் கறுப்புச் செருப்பு.

"நல்லாருக்கு," என்றாள் வெர்னா, காலைப் பார்த்து.

ஓப்பலின் முகம் சிவந்தது. "புதுசு இல்லே. ஆறு வருஷத்துக்கு முன்னாடி வாங்கினது."

எதற்காக வாங்கியது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஓப்பல் தட்டை அடுப்பில் தள்ளினாள். "நீ பிழைச்சதுக்கப்புறம் திருப்பிக் குடுக்கலாம்னு போனேன். கடையையே மூடிட்டான்," என்றாள். பிறகு அடுப்புக் கதவைப் பிடித்தபடியே நின்றாள். தம்பிக்குப் போட வேண்டியிருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்திருக்கமாட்டாள்.

அவள் பின்னாலேயே படைவீரர் சங்கத்து எமெட்டும் ரஸ்ஸும் வந்தார்கள். எமெட்டுக்கு எண்பத்தொன்று. வியட்நாமில் எரிகிற ஹெலிகாப்டருக்குள் இரண்டு முறை போய் இரண்டு பேரை இழுத்துவந்தவர். அதற்குக் கிடைத்த பதக்கத்தை அடுத்தவன் சாவுக்கு மட்டும்தான் குத்திக்கொள்வார். ஹார்லனுக்கு அவர்மேல் பக்தி என்றே சொல்ல வேண்டும். "எமெட் நெருப்புக்குள்ள போனான். நான் ஜெர்மனியில லாரிக்கு அடியில போனேன்" என்பான். அதே போரின்போது இரண்டு வருஷம் ராணுவ லாரிக்கு எண்ணெய் மாற்றியதுதான் அவன் பார்த்த யுத்தம். அந்தக் கடனைத் தீர்ப்பதுபோல நானூறு குழிகள்மேல் சுட்டுவிட்டான், மழையானாலும் பனியானாலும்.

எமெட் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "வெர்னா, விஷயத்தைச் சொல்லிடறேன். நானும் ரஸ்ஸும்தான் இருக்கோம். மூணு துப்பாக்கி இல்லாம வேட்டு கிடையாது. பக்கத்து ஊர்ச் சங்கத்துல கேட்டேன், அவங்களுக்கு இன்னிக்கு ரெண்டு சாவு. ராணுவத்துலேர்ந்து வர்ற ரெண்டு பேரும் கொடி மடிக்கத்தான் வருவாங்க."

"செல்போன்ல வேட்டுச் சத்தம் இருக்கு," என்றான் ரஸ் தரையைப் பார்த்தபடி. "ஸ்பீக்கர்ல வேணா..."

"ஹார்லனுக்கா? ஸ்பீக்கரா?" என்றாள் வெர்னா.

வீட்டுக்குப் பத்துத் துப்பாக்கி இருக்கிற ஊர். போன சனிக்கிழமைகூட ஹார்லன் சந்தையில் மேசை போட்டு, துப்பாக்கி உரிமைக்கு நூற்றிப்பத்துக் கையெழுத்து வாங்கினான். போட்டவர்களுக்கெல்லாம் இன்று வேலை, மான் வேட்டை, முதுகுவலி. சங்கத்தில் ஏழு பேராக நின்ற வரிசை ஒவ்வொருவராகக் குழிக்குப் போய் மூன்றில் நின்றிருந்தது. மூன்றாவது ஆள் இப்போது பெட்டியில்.

"விதியில மனைவியும் சேத்திதானே?" என்றாள் வெர்னா. "உறுப்பினரோட குடும்பத்துல, வேட்டைப் பயிற்சி முடிச்சவங்க யாரும் நிக்கலாம்னு ஹார்லன் படிச்சுக் காட்டியிருக்கார். நான் பன்னெண்டு வயசுல முடிச்சேன்."

ஓப்பல் திரும்பினாள். "உனக்குப் பைத்தியமா? புருஷனைப் பறிகொடுத்தவளா நாற்காலியில உக்காந்து கொடியை வாங்கறதுதான் உன் வேலை. எவளாவது புருஷன் குழிகிட்ட துப்பாக்கி தூக்கிட்டு நிப்பாளா? ஊரு என்ன பேசும்?"

"ஊரு ஆறு வருஷமா என்னை வீராங்கனைன்னு பேசுது. நாற்காலியில சாஞ்சு கிடந்தேன், மருந்து சொட்டுச் சொட்டா இறங்கிச்சு. அவ்வளவுதான் நான் பண்ணினது. அதுக்கு அந்தப் பேச்சுன்னா, இதுக்கும் பேசிட்டுப் போகட்டும்."

எமெட் மட்டும் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும். சிகிச்சை முடிந்து முதல் வேட்டைப் பருவம் வந்தபோது ஹார்லன் அவளுடைய மான் துப்பாக்கியைச் சுவரிலிருந்து எடுத்து இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டான். கீமோவுக்குப் போகிற ஒவ்வொரு தடவையும், கைத்துப்பாக்கியோடு உள்ளே போவது தன் உரிமை என்று மருத்துவமனைக் காவலாளியோடு மல்லுக்கு நின்றவன். தோற்று, அதை வண்டியில் வைத்துவிட்டு வந்து அவளுக்கு வாந்திச் சட்டி பிடித்தவன். "ஊருக்கெல்லாம் உரிமை, எனக்கு மட்டும் பூட்டா?" என்று அவள் கேட்டாள். "உரிமை வேற, விரல் வேற, வெர்னா. டிரிகர் எங்க இருக்குன்னு உன் விரலுக்குத் தெரியாது," என்றான். அவன் சொன்னது சரி என்பதால் கோபம் இன்னும் அதிகமாக இருந்தது.

"கொல்லைக்கு வா," என்றார் எமெட்.

வெறும் துப்பாக்கியை அவள் கையில் கொடுத்து மூன்று பேரும் வரிசையாக நின்றார்கள். எமெட் கட்டளை சொன்னார். இரண்டு சொடுக்குச் சத்தம். கொஞ்சம் கழித்து மூன்றாவது. மறுபடி. மறுபடியும் அவளுடையது பிந்தியது. மூன்று துப்பாக்கி, ஒரு சத்தம் என்பது ஹார்லனின் சட்டம். பிந்தினால் அவனுக்கு அது சோளப்பொரி பொரிகிற சத்தம். அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசமாட்டான்.

"சோளப்பொரி," என்றாள் வெர்னா.

"மேலே ஏன் பாக்கறே?" என்றார் எமெட். "விரலைப் பாரு. வானத்தை நாங்க பாத்துக்கறோம்."

நான்காவது தடவை விரலைப் பார்த்தாள். பொத்தான் போடும்போது பார்ப்பதுபோல. விரல் விசையில் மடங்குவதைக் கண் சொன்னது. மூன்று சொடுக்கும் ஒன்றாக விழுந்தன. ரஸ் மூச்சை விட்டான். ஓப்பல் படியில் நின்றபடி, "உருளைக்கிழங்கு தீயுது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பதினொரு மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் நல்ல வெயில். மேப்பிள் மரம் பாதி இலையைத் தரையில் கொட்டியிருந்தது. மரத்தடியில் இரண்டு பேருக்கு இடம் வாங்கிப் போட்டபோது, "நிழல் பக்கம் உனக்கு" என்று ஹார்லன் சொல்லியிருந்தான். வெட்ட வந்தவர்களிடம் நிழல் பக்கத்தையே தோண்டச் சொல்லிவிட்டாள்.

முதல் வரிசையில் அவளுடைய நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்தில் ஓப்பல், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு. கூட்டத்தில் தலைகள் திரும்பின, கிசுகிசுத்தார்கள். ஹார்லன் வழக்கமாக நிற்கிற இடத்தில் வெர்னா நின்றாள், வரிசையின் இடது ஓரத்தில். அறுவை செய்த பக்கம் தோள் இழுத்தது. கறுப்புக் கோட்டுக்குள் வியர்த்தது. கொடி போர்த்திய பெட்டியை அவள் பார்க்கவில்லை. விரலைப் பார்த்தாள்.

எமெட் குரல் கொடுத்தார். மூன்று துப்பாக்கியும் உயர்ந்தன.

முதல் வேட்டு ஒன்றாக வெடித்து மலையில் மோதித் திரும்பியது. ஒரு குழந்தை அழுதது. அடுத்த தோட்டாவை ஏற்ற, வெர்னா உள்ளங்கையின் அடியால் துப்பாக்கியின் நெம்பை இழுத்தாள். காலித் தோட்டா இலைக்குள் தெறித்தது. இரண்டாவது. அதுவும் ஒரே சத்தம், கத்தியால் வெட்டியதுபோல. ஹார்லன் இருந்தால் இப்போது மூக்கை உறிஞ்சியிருப்பான். திருப்தியானால் அப்படித்தான் செய்வான்.

மூன்றாவதற்கு, கடைசி வேட்டுக்கு, கட்டளை வந்தது. விரலைப் பார்த்தாள். விசைமேல் சரியாக இருந்தது. மடக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதை மடக்கினால் முடிந்துவிடும்.

புதன்கிழமையிலிருந்து அவள் ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டே இருந்தாள். ஃபைல், பாதிரியார், குழி, தோட்டா. ஒவ்வொன்றும் முடியும்போது அடுத்தது இருந்தது. இதற்கு அடுத்து ஒன்றும் இல்லை. வண்டியின் கண்ணாடி வழியாகப் பார்த்த அந்த முகம் மட்டும்தான் இருந்தது. வாய் கொஞ்சம் திறந்து, ரேடியோக்காரனுக்குப் பதில் சொல்லப்போகிறவன் மாதிரி.

இரண்டு துப்பாக்கிகள் வெடித்தன.

எமெட் அடுத்த கட்டளையைக் கொடுக்கவில்லை. கொடிக்கம்பம்போல நிமிர்ந்து, துப்பாக்கி வானத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றார். எண்பத்தொரு வயதுக் கை நடுங்க ஆரம்பித்தது, இறக்கவில்லை. ரஸ்ஸும் இறக்கவில்லை. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். ஓப்பல் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

வெர்னா விரலை மடக்கினாள். அவளுடைய வேட்டு தனியாக வெடித்து, தனியாகப் போய், தனியாகத் திரும்பி வந்தது.

பிறகு ஊதுகொம்பு ஒலித்தது. கொடியைப் பதின்மூன்று மடிப்பாக மடித்தார்கள். அதற்குள் அவள் போய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கொடி மடிக்க வந்த இளம் ராணுவப் பெண் முட்டி போட்டு, நாட்டின் சார்பாக என்று மனப்பாடமாகச் சொல்லி, முக்கோணத்தை அவள் மடியில் வைத்தாள். வெர்னா, "நன்றிம்மா," என்றாள். அந்தக் குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோல இருந்தது.

கூட்டம் கலைந்தது. வேட்டுக்கு ஒன்றாக மூன்று காலித் தோட்டாக்களைக் குடும்பத்திடம் கொடுப்பது வழக்கம். ரஸ் குனிந்து தேடிப் பொறுக்கிக்கொண்டு வந்தான். எப்போதோ ஆறியிருக்கும். ஆனால் சங்கத்தில் வெர்னாவின் கையில் எதைக் கொடுத்தாலும் முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று ஹார்லன் எல்லாரையும் பழக்கி வைத்திருந்தான். முதலில் இரண்டைக் கொடுத்தான். மூன்றாவதை நீட்டும்போது வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"சூடு."

அவள் கை வெடுக்கென்று பின்வாங்கியது. தோட்டா கீழே விழுந்து இலைக்குள் போனது. அவள் ரஸ்ஸைப் பார்க்கவில்லை. சட்டென்று திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தாள். காலி நாற்காலிகள் இருந்தன. அதற்கும் பின்னால் சாலை, வரிசையாக நின்ற வண்டிகள். அவற்றில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"மன்னிச்சுக்கோ, வெர்னா," என்றான் ரஸ். "பழக்கத்துல..."

அவள் கொடியை நாற்காலியில் வைத்துவிட்டு மண்டியிட்டு இலைகளை விலக்க ஆரம்பித்தாள். விரலுக்கு இலையும் தெரியவில்லை, பித்தளையும் தெரியவில்லை. ஒவ்வொரு பிடியாக அள்ளி, கண்ணுக்கு நேரே கொண்டுவந்து பார்த்துப் பார்த்துப் போட்டாள். ரஸ் குனிந்தான். எமெட் துப்பாக்கியை ஊன்றிக்கொண்டு மெல்ல ஒரு முழங்காலை மடித்தார்.

"தள்ளு," என்றாள் ஓப்பல். கறுப்புச் செருப்போடு ஈர மண்ணில் மண்டியிட்டு, கையுறையைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு, வெர்னாவுக்குப் பக்கத்தில் இலைக்குள் கையை விட்டாள்.