ஒருவர் மட்டும் நிற்கலாம்

பிப்ரவரி இருபத்தோராம் தேதி, சனிக்கிழமை, மாலை ஐந்து இருபதுக்கு, கல்லூரி உள்ளரங்கில் நடந்த கூடைப்பந்து லீக் ஆட்டத்தில், முடிய நான்கு நிமிடம் பதினொரு நொடி இருந்தபோது, கல்லூரி அணியின் தலைமைப் பயிற்சியாளர் அரங்கை விட்டு வெளியேற்றப்பட்டார். அந்த நொடியில் அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. செய்தவர் உதவிப் பயிற்சியாளர்.

உதவிப் பயிற்சியாளரைக் கல்லூரி நாளிலிருந்தே எல்லோரும் கோந்து என்றுதான் கூப்பிடுவார்கள். இதே அரங்கில் இதே அணிக்கு நான்கு வருடம் ஆடியவர். எதிரணியின் பெரிய ஆட்டக்காரனோடு ஒட்டிக்கொண்டால், அவன் தண்ணீர் குடிக்கப் போனால்கூட விடமாட்டார் என்பதால் வந்த பெயர். ஆடுவதை விட்ட பிறகும் அவர் எங்கும் போகவில்லை. பதினான்கு வருடமாக உதவிப் பயிற்சியாளர். காலை ஆறு மணிக்கு அரங்கைத் திறப்பார். எதிரணிகளின் வீடியோவைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுப்பார். வியர்வை நாறும் ஜெர்ஸி மூட்டை சலவைக்குப் போனதா என்பதுவரை அவர் தலையில். அதற்குள் இரண்டு தலைமைப் பயிற்சியாளர்கள் வந்து போனார்கள். அடுத்தது தனக்குத்தான் என்று இருந்தார். அது மச்சினனுக்குப் போனது.

மனைவியின் கூடப்பிறந்த தம்பி. முப்பத்திரண்டு வயது. நேர்முகத் தேர்வன்று இருவரும் முதல்வர் அறைக்கு வெளியே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். “அத்தான், டை நேரா இருக்கா பாருங்க” என்றான் அவன். கோந்து நேராக்கிவிட்டார். உள்ளே போனவன் பதவியோடு வெளியே வந்தான். முதலில் ஒரு வருடம்தான். அணி அரையிறுதிக்குப் போனால் மேலும் மூன்று வருடம். போகாவிட்டால் பதவி மறுபடி காலி. அந்தக் கடைசி இரண்டு சொற்களை வைத்துக்கொண்டுதான் கோந்து அந்த வருடம் முழுவதும் தூங்கி எழுந்தார்.

மச்சினன் கெட்டவனாக இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். அவன் அப்படி இல்லை. “அத்தான் இல்லன்னா நான் ஒண்ணுமே இல்ல” என்று பையன்கள் முன்னால் வாய் நிறையச் சொல்வான். கோந்துவுக்கு வயிறு எரியும். பெருந்தன்மையாக இருக்கும் வாய்ப்புகூட நாற்காலியில் இருப்பவனுக்குத்தானே கிடைக்கிறது. பையன்கள் அவனை அண்ணா என்றார்கள், இவரை சார் என்றார்கள்.

அரையிறுதி வாய்ப்பை முடிவுசெய்யும் அந்த ஆட்டத்துக்கு முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியோடு இருந்தவரிடம் மனைவி கேட்டாள்.

“நாளைக்கு ஜெயிக்கணும்னு பாக்கறீங்களா, தோக்கணும்னு பாக்கறீங்களா?”

“என்ன கேள்வி இது?”

“இல்ல, போன வாரம் ஜெயிச்சுட்டு வந்து எழவு வீட்டுக்குப் போய்ட்டு வந்த மாதிரி உக்காந்திருந்தீங்க.”

“உன் தம்பிக்கு ஒரு கோடு நேரா போடத் தெரியாது. நான் போட்ட கோட்டுல பசங்க ஓடறாங்க, கைதட்டு அவனுக்கு.”

“அவன் உங்களப் பத்தி நல்லாதானே சொல்றான்?”

“அதான் நான் வாயத் தெறக்காம இருக்கேன்.”

“இதுதான் வாயத் தெறக்காம இருக்கறதா” என்று தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள்.

கூடைப்பந்தில் ஒரு விதி உண்டு. ஆட்டம் ஓடும்போது தலைமைப் பயிற்சியாளர், உதவிப் பயிற்சியாளர் இருவரில் ஒருவர் மட்டுமே நிற்கலாம். மச்சினனுக்கு உட்காரவே தெரியாது. ஆகவே கோந்து பருவம் முழுவதும் உட்கார்ந்தபடி அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு விதி: பெஞ்சில் யார் அத்துமீறினாலும் தண்டனை தலைமைப் பயிற்சியாளர் பெயரில்தான் ஏறும். மூன்று ஏறினால் அவர் வெளியே போக வேண்டும். சனிக்கிழமை அதற்குள் இரண்டு ஏறியிருந்தன. ஒன்று, மச்சினன் நடுவரோடு மல்லுக்கு நின்றதற்கு. மற்றது, மாற்று ஆட்டக்காரன் ஒருவன் துண்டைத் தூக்கி எறிந்ததற்கு. இரண்டையும் நோட்டில் குறித்தவர் கோந்துதான்.

கடைசிக் கால் பகுதி. எல்லைக் கோட்டுக்கு வெளியிலிருந்து பந்து உள்ளே வந்தது. இரண்டு பேர் குறுக்கே வெட்டி ஓட, ஒட்டடைக்கம்பு என்று எல்லோரும் அழைக்கும் நெட்டைப் பையன் கூடைக்கடியில் தனியாக நின்றான். பந்து உள்ளே. அறுபத்திரண்டு, அறுபது. மூன்று வாரம் யோசித்து கோந்து வரைந்த ஆட்டத் திட்டம் அது. மச்சினன் ஒட்டடைக்கம்பைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினான். ஆடுகள ஓரத்து மேஜையிலிருந்த அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் சொன்னார்: “நம்ம கோச்சோட மூளையப் பாத்தீங்களா!”

வேண்டுமென்றே எழுந்தாரா என்று பிறகு பலரும் கேட்டார்கள். அவருக்கே தெரியாது. எதிரணி பந்தோடு வந்துகொண்டிருக்க, அவர் பெஞ்சை விட்டு எழுந்து, மேஜைவரை நடந்து, அறிவிப்பாளரிடம் குனிந்தார்.

“தம்பி, அது நான் போட்டது. திருத்திச் சொல்லு.”

மைக் அணைக்கப்படவில்லை. அரங்கம் முழுவதும் கேட்டது. நடுவர் விசில் ஊதினார்.

மூன்று.

மச்சினன் நடுவரைப் பார்த்தான், பிறகு அத்தானை. ஆட்டம் வரையும் சிறு பலகையை அவர் கையில் திணித்தான்.

“இப்ப ஆட்டத்தப் பாருங்க. மிச்சத்த வீட்ல பேசிக்கலாம்.”

உடைமாற்றும் அறைக் கதவு அவனுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. பதினான்கு வருடத்தில் முதல் முறையாக கோந்து அந்தக் கோட்டருகே நிற்கலாம், யாரும் உட்காரச் சொல்லமாட்டார்கள். நின்றார். எதிரணி தண்டனை எறிதலைப் போட்டது. அடுத்து நடந்ததெல்லாம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. பதினான்கு நொடி மிச்சமிருக்கையில் அறுபத்தெட்டு, அறுபத்தெட்டு. பந்து கல்லூரி அணியிடம். கோந்து இடைநிறுத்தம் கேட்டார்.

ஐந்து பேரும் சுற்றி நின்று மூச்சு வாங்கினார்கள்.

“சார், என்ன பண்றது?” என்றான் ஒட்டடைக்கம்பு.

தோற்றால் ஜூனில் பதவி காலி. ஜெயித்தால் மச்சினன் மூன்று வருடம் அசையமாட்டான். மனக்கணக்கு போட ஒரு நொடிகூட ஆகவில்லை. அவரிடம் ஓர் ஆட்டத் திட்டம் இருந்தது. வீட்டில் நோட்டின் கடைசிப் பக்கத்தில், யாருக்கும் காட்டாமல், தான் தலைமைப் பயிற்சியாளராகும் வருடத்துக்கென்று வைத்திருந்தது. வேறு எதையாவது வரையலாம். பழையதை வரைந்தாலும் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

ஒட்டடைக்கம்பின் வியர்வை பலகைமேல் சொட்டியது. கோந்து அதைக் கையால் துடைத்துவிட்டு வரைந்தார்.

“நீ இங்க ஓடற மாதிரி ஓடு. அவன் உன் பின்னாலயே வருவான். இவன் அவன மறிச்சு நிக்கட்டும். அப்ப நீ திரும்பு. புரியுதா?”

“இத நாம பழகவே இல்லயே சார்.”

“அவனுங்களும் பாத்ததில்லடா. போ.”

எழுபது, அறுபத்தெட்டு.

பையன்கள் கோந்துவைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். அவர் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வீட்டுக்கு வந்தான். கோபமாகத்தான் வந்தான். அக்கா கதவைத் திறந்து, “ரெண்டு பேரும் சத்தம் போடறதா இருந்தா மொட்டை மாடிக்குப் போங்க” என்றாள். அவன் சிரித்துவிட்டான். கோந்துவுக்கு அதுவும் பிடிக்கவில்லை.

“எல்லார் முன்னாடியும் என் மானத்த வாங்கிட்டீங்க அத்தான்.”

“மைக் அணைஞ்சிருக்குன்னு நெனச்சேன்.”

“அது சரி. அந்தக் கடைசி ஆட்டம்… பசங்க சொன்னானுங்க. எங்கேருந்து புடிச்சீங்க?”

“அந்த நேரத்துல தோணிச்சு.”

“எனக்கு வரைஞ்சு குடுங்களேன். அரையிறுதில வேணும்.”

மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கோந்து ஒரு காகிதத்தை எடுத்தார். ஐந்து வட்டங்கள், அம்புகள், பந்தின் பாதைக்குப் புள்ளிக் கோடு. மறித்து நிற்க வேண்டிய ஆளை மட்டும் சரியான இடத்திலிருந்து நான்கு அடி தள்ளிப் போட்டார். மச்சினன் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

“தாங்க்ஸ் அத்தான்.”

லீக் அலுவலகம் உதவிப் பயிற்சியாளருக்கு ஓர் ஆட்டத் தடை விதித்தது. அரையிறுதியை அவர் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். கல்லூரி அணி ஒரு புள்ளியில் தோற்றது. மறு புதன்கிழமை கூடிய விளையாட்டுக் குழு, அணி அரையிறுதிக்குத் தகுதி பெற்றதைக் குறிப்பிட்டு, தலைமைப் பயிற்சியாளரின் பணியை மூன்று ஆண்டுகளுக்கு உறுதி செய்தது. உதவிப் பயிற்சியாளர் பதவியில் மாற்றம் இல்லை.