இரண்டுக்கும் ஆமாம்

அறிவியல் வகுப்பில் பிள்ளைகளுக்கு எது பிடிக்கிறது என்று கேட்கும் கேள்வித்தாள்களை நம்பலாமா கூடாதா என்று சோதித்துச் சொல்வது அவள் வேலை. குழுவாகச் சோதனை செய்யப் பிடிக்கும் என்று ஓரிடத்திலும், பிடிக்காது என்று வேறோரிடத்திலும் கேட்டிருந்தாள். படிக்காமல் டிக் போடுகிறவர்களைப் பிடிக்க வைத்த பொறி. நாத்தனார் பாடம் நடத்தும் ஏழாம் வகுப்பில் கால்வாசிப் பேர் இரண்டுக்கும் 'ஆமாம்' போட்டிருந்தார்கள்.

"கண்ணை மூடிக்கிட்டு டிக் அடிச்சிருக்குதுங்க, கழுதைங்க!" என்று ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தாள்.

"எங்க அண்ணனைக் கட்டிக்க நீங்க தலையாட்டின மாதிரியா அண்ணி?" என்றாள் நாத்தனார். அறையே சிரிப்பில் அதிர்ந்தது.

சில வாரம் கழித்து அதே தாளை மறுபடி கொடுத்தார்கள். ஒரு முரண்கூட இல்லை. சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தாளை நம்பலாம் என்று அறிக்கைக்கான வாக்கியங்கள் மனதில் தாமாகவே ஓடத் தொடங்கின. ஒப்புக்கு நாலு பிள்ளைகளிடம் பேசிவிட்டால் முடிந்தது.

ஆய்வகத்தில் முதலில் வந்த பெண் முக்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"இப்போ சரியா இருக்கா மேடம்?"

"எது?"

"போன தடவை நாங்கதான் அந்தக் கழுதைங்க. டீச்சர் சொன்னாங்க. அதான் இந்தத் தடவை எல்லாரும் பேசி வச்சுக்கிட்டுப் போட்டோம்."

அவளுக்குக் காது மடல் சுட்டது. "அப்போ ஏன் ரெண்டுக்கும் ஆமாம்னு போட்ட?"

"சேர்ந்து செய்யப் பிடிக்கும் மேடம். ஆனா எனக்கு எப்பவும் குடுவை கழுவுற வேலைதான். ஸ்பிரிட் விளக்கைத் தொடவே விடமாட்டாங்க. அதனால பிடிக்காது."

அறையில் வேறு யாரும் இல்லை. இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. எதிரே அந்த முகத்தை வைத்துக்கொண்டு அப்படித் தோன்றியதே! கழுதை என்று சொன்னதைவிட அதுதான் அவளைக் கூச வைத்தது. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"தப்பு என் மேலதான்மா. நீங்க முதல்ல போட்டதுதான் சரி. அதைத்தான் எழுதப் போறேன்."

அந்தப் பெண் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தாள். நம்பியதாகத் தெரியவில்லை. பிறகு, சமாதானப்படுத்துகிறவள்போல மெதுவாகச் சொன்னாள்:

"பரவாயில்ல மேடம், வேற தாள் குடுங்க. எப்படிப் போடணும்னு மட்டும் சொல்லிடுங்க."