“ஒண்ணும் இல்லையே?”

தொப்புளுக்குப் பக்கத்தில் பஞ்சைத் தேய்த்துக்கொண்டே நர்ஸ் கேட்டாள். “போன ஊசிக்கப்புறம் தொந்தரவு ஒண்ணும் இல்லையேக்கா?”

“இல்ல சிஸ்டர்,” என்றாள் தையல்காரி. அவள் வாய் திறக்கும் முன்பே படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதியாகிவிட்டது. வெளியே இன்னும் பதினொரு பேர் காத்திருந்தார்கள்.

கடுமையான எக்ஸிமாவுக்குப் புதிய ஊசி. இன்னும் சோதனையில்தான் இருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட்டார்கள். நான்காவது ஊசியில் பதினாறு வருட அரிப்பு அடங்கியது. தொத்திக்கொள்ளும் என்று அவளுக்குத் தனித் துண்டு, தனிச் சோப்பு வைத்திருந்த நாத்தனாரே, “அட, கை பளபளங்குதே அண்ணி! இனிமே அண்ணனைக் கையில பிடிக்க முடியாது,” என்று அவள் முழங்கையைத் தொட்டுச் சிரித்தாள். தொத்தாத நோய்க்கு இத்தனை காலம் ஒதுக்கிவைத்தவள் மேல் தையல்காரிக்குக் கோபம் வரவில்லை. தொட்டாளே என்று மனம் குளிர்ந்தது. அப்படிக் குளிர்ந்ததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

ஐந்தாவது ஊசிக்குப் பிறகு கண்கள் சிவந்தன. மணல் விழுந்ததுபோல் உறுத்தின. நூல் கோக்க நாலு தடவை தவறியது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் போனாள். ஆனால் நர்ஸின் ‘இல்லையே’ என்ற அந்த இழுப்பில், ஏதும் இருந்துவிடக் கூடாதே என்ற கெஞ்சல் கேட்டது. சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்களோ? மறுபடி தனித் துண்டா?

“இல்ல சிஸ்டர்.”

எட்டாவது முறை டாக்டர் தற்செயலாக அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணில் விளக்கை அடித்தார். “எத்தனை நாளா இப்படி?”

“ஆறு வாரமா.”

“கருவிழியில புண்ணாயிடுச்சும்மா. இந்த ஊசியில சில பேருக்குக் கண்ணு இப்படி ஆகும். அப்பவே சொல்லியிருந்தா சொட்டு மருந்து போட்டுக்கிட்டே ஊசியும் போட்டிருக்கலாம். இப்ப நிறுத்தியே ஆகணும். பார்வை பழையபடி வருமான்னும் சொல்ல முடியல.”

சோதனையில் சேர்க்கும்போது அவளிடம் கையெழுத்து வாங்கிய காகிதத்தில் கண்ணைப் பற்றி ஒரு வரி இருந்தது. அதை யாரும் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை.

“ஏன்க்கா மறைச்சீங்க?” என்றாள் நர்ஸ்.

“பயந்தேன், அது என் தப்புதான். ஆனா நீங்க எங்க கேட்டீங்க? இல்லன்னு சொல்லச் சொன்னீங்க, சொன்னேன்.”

நர்ஸ் பேனாவை மூடினாள். எட்டுப் படிவங்களிலும் இருந்தது தன் பதில்தான் என்று அவளுக்கு அப்போது உறைத்தது. பதிலை முடிவு செய்துகொண்டு கேட்பது விசாரிப்பதல்ல, நோயாளியின் வாயைப் பொத்துவது. தையல்காரி சுவரைத் தடவிக்கொண்டு வெளியே போனாள்.