ராண்டா கழற்றிய ஷூ

அம்பயர் "அவுட்!" என்று கத்தியபோது என் வாய் நிறையச் செம்மண். முதல் பேஸிலிருந்து மற்ற இரண்டு பேஸ்களையும் மிதித்து மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, ஓட்டம் முடிகிற ஹோம் பிளேட்டுக்கு ஒரு சாண் முன்னால், அதைக் காக்கும் கேட்ச்சரின் முழங்காலில் மோதிக் குப்புறக் கிடந்தேன். தொட்டிருந்தால் ஆட்டம் மூன்றுக்கு மூன்று. தொடவில்லை. எங்கள் மூன்றாவது, கடைசி அவுட்; சாஃப்ட்பால் லீக் இறுதிப் போட்டி அத்தோடு முடிந்தது. ஓக்லஹோமா வெயிலில் பத்தாயிரம் பேர் எழுந்து நின்றது எதிரணிக்காக.

அடுத்து மட்டை பிடிக்க வேண்டியவள் ராண்டா கில்மோர். அவளைத் தெரியாதவர்கள் இந்த ஊரில் இல்லை. கல்லூரியில் நான்கு வருடமும் நாட்டின் சிறந்த வீராங்கனைகள் பட்டியலில் பெயர். அவளுடைய ஏழாம் எண்ணை அந்தக் கல்லூரி வேறு யாருக்கும் தராமல் சுவரில் மாட்டிவிட்டது. உலகப் போட்டித் தங்கம் இரண்டு. பந்தை வேலிக்கு வெளியே பறக்கவிடும் ஹோம் ரன் அடிப்பதில் லீக்கிலேயே அவளுக்கு மேல் ஆள் கிடையாது. விருதுகளை வைக்க இடமில்லாமல் ஒன்றைக் குளியலறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறாள். அதில் கால் இடித்துக்கொண்டு அவளைத் திட்டியவள் நான். ஒன்பது வருடமாக ஒரே அறையில் தங்குகிறோம். லீக் கோப்பை மட்டும் அவளுக்குப் போக்குக் காட்டிக்கொண்டே இருந்தது. நான்கு இறுதிப் போட்டி, நான்கும் தோல்வி. இது ஐந்தாவது. முப்பத்தாறு வயதாகிவிட்டது, இதுதான் கடைசி என்று அறிவித்தும்விட்டாள்.

எங்கள் ஆட்டத்தில் விடைபெறுகிறவள் ஷூவைக் கழற்றி ஹோம் பிளேட்டில் வைத்துவிட்டு வெறும் சாக்ஸோடு வெளியேறுவாள். ராண்டா வந்தாள். நான் கிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே மண்டியிட்டு, முடிச்சை அவிழ்த்து, இரண்டையும் ஜோடியாக வைத்தாள். அரங்கம் அடங்கிவிட்டது. எல்லாம் என்னால்தான்.

"மன்னிச்சுருடி," என்றேன்.

"வாயெல்லாம் மண்ணு. மொதல்ல துப்பு," என்றாள். கண் நனைந்திருந்தது.

அவள் பாதி தூரம் போனபோது எங்கள் பயிற்சியாளர் பெக் அலறிக்கொண்டே உள்ளே வந்தார். "பந்து கைக்கு வர்றதுக்கு முன்னாடியே வழிய மறிச்சுட்டாய்யா! வீடியோவப் போட்டுப் பாருங்க!"

பந்து இல்லாமல் கேட்ச்சர் வழியை மறிக்கக் கூடாது என்பது விதி. அம்பயர்கள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு நான்கு நிமிடம் நின்றார்கள். அந்த நான்கு நிமிடமும் நான் மண்ணைத் துப்பவில்லை. பிறகு தலைமை அம்பயர் இரண்டு கைகளையும் விரித்தார். என் ஓட்டம் செல்லும்! மூன்றுக்கு மூன்று. நான் ஓடுவதற்குக் காரணமான பந்தை அடித்த மகேலா, மூன்றாம் பேஸில் நின்றபடியே குதித்தாள்.

"அடுத்து யாரு?" என்றார் அம்பயர்.

அடுத்த ஆள் சாக்ஸோடு நின்றுகொண்டிருந்தாள்.

அரங்கமே சிரித்தது. ராண்டா முகம் சிவக்க ஓடிவந்தாள். வலது ஷூவை அவள் மாட்ட, இடது ஷூவை நான் மாட்டினேன்.

"சீக்கிரம்டி, மானம் போகுது!"

"கால ஆட்டாம நில்லுடி!"

"ஒரு முடிச்சுக்கு ஏன்டி இப்படித் தடுமாறுற? அடிக்கப் போறது நானு."

முதல் பந்தைக் கோட்டைவிட்டாள். இரண்டாவதை அடித்தாள். ஹோம் ரன் மகாராணி அடித்த பந்து, குழந்தை உருட்டிவிட்டதுபோல் மூன்றாம் பேஸ் பக்கம் உருண்டது. மகேலா பாய்ந்து ஹோம் பிளேட்டைத் தொட்டுவிட்டாள். ஆனால் பந்து போய்ச் சேருமுன் ராண்டா முதல் பேஸை மிதித்தால்தான் அந்த ஓட்டம் செல்லும், கோப்பை எங்களுக்கு. ஏற்கெனவே இரண்டு பேர் அவுட். மிதிக்காவிட்டால் ஆட்டம் நீளும்; எங்கள் பந்துவீச்சாளரின் தோளோ வீங்கிக் கிடந்தது.

பாதி வழியில் இடது ஷூ கழன்று பறந்தது. நான் கட்டியதுதான். அவள் திரும்பியே பார்க்கவில்லை. முப்பத்தாறு வயதுக் கால்கள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

"சேஃப்!"

எல்லோரும் முதல் பேஸில் போய் அவள்மேல் விழுந்தோம். நான் அழுதேன், கூசாமல் சத்தம் போட்டு அழுதேன். தோளில் தூக்கலாம் என்று இடுப்பைப் பிடித்தால் ஆள் அசையவே இல்லை.

"வாடி, ஜெயிச்சுட்டோம்!"

"இழுக்காதடி! மறுபடியும் வீடியோவப் பாத்துட்டு மாத்திட்டாங்கன்னா?"

பெக் வந்து கெஞ்சினார். அம்பயரே வந்து, முடிந்துவிட்டது என்றார். ம்ஹூம். கடைசியில் இரண்டு பேர் கோப்பையை முதல் பேஸுக்கே தூக்கிக்கொண்டு வந்தார்கள். ராண்டா அதை மார்போடு அணைத்து வாங்கிக்கொண்டாள். கட்டைவிரல் வெளியே தெரிந்த சாக்ஸ், பேஸை அழுத்திக்கொண்டே இருந்தது.