ஐந்நூறு எம்பிக்குள்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் மனைவி பதிவு செய்து வைத்திருந்த குரல் கோப்பு இரண்டு ஜிபியைத் தாண்டியிருந்தது. அவள் பதிவுகளைச் சுத்தம் செய்யும் வெட்டு சார் அவற்றை வாங்கிக்கொள்ளும் தளத்தில் ஒரு கோப்பு ஐந்நூறு எம்பிக்குள் இருக்க வேண்டும். வழக்கம்போல நான்தான் அதைச் சுருக்கி நானூற்றைம்பது எம்பி வீதம் துண்டு போட்டேன். ஐந்து பாகங்கள் வந்தன. ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து ஆகியவற்றை அனுப்பினேன். மூன்றாம் பாகத்தை மட்டும் இழுத்துக்கொண்டு போய், ‘பழைய புகார்க் கடிதங்கள்’ என்று பெயர் வைத்திருந்த ஃபோல்டருக்குள் போட்டேன். இப்படிப் பிரித்த பாகங்களில் ஒன்று குறைந்தாலும் மற்ற நான்கும் இருந்தும் பிரயோஜனமில்லை, எதுவும் திறக்காது. கட்டட வரைபட அலுவலகத்தில் பதினோரு வருஷமாகப் பெரிய கோப்புகளைத் துண்டு போட்டு அனுப்புவதுதான் என் பிழைப்பு. எனவே தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

எனக்குப் பொறாமை. வேறு கௌரவமான பெயர் ஏதாவது கிடைக்குமா என்று இரண்டு நாள் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

என் மனைவி புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிறவள். மகள் படிக்க விடுதிக்குப் போனதும், அவளுடைய துணி அலமாரியைக் காலி செய்து, உள்ளே கம்பளிகளைத் தொங்கவிட்டு, ஒரு முக்காலியும் மைக்கும் வைத்துக்கொண்டாள். காலையில் உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் மதியம்தான் வெளியே வருவாள். பதிவுக் கருவி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். தப்பு, தடுமாற்றம், இருமல் எல்லாம் அதிலேயே கிடக்கும். அவற்றை நீக்கிச் சுத்தம் செய்கிறவர்தான் வெட்டு சார், அவள் வைத்த பெயர். அவர் வேறு ஊரில் இருக்கிறார். நான் பார்த்ததில்லை. அலைபேசியில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பூனையின் படம் இருக்கும். அந்தப் பூனையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மதியத்துக்கு மேல் அவள் பேசமாட்டாள். தொண்டைக்கு ஓய்வாம். நான் அலுவலகத்திலிருந்து வந்து ஏதாவது கேட்டால் தலையாட்டுவாள், அல்லது விரலால் காட்டுவாள். சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றால் கையை நீட்டுவாள், நான் எடுத்துக் கொடுப்பேன். இருபது வருஷக் குடித்தனத்தில் கடைசி இரண்டு வருஷம் இப்படித்தான் போனது. தொழில் அப்படி, என்ன செய்வது என்று நானும் பெரிய மனுஷன் மாதிரி இருந்துவிட்டேன்.

போன மாதம் தலைவலி என்று பாதி நாள் விடுப்பெடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அலமாரிக்குள் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கதையில் வரும் சிரிப்பு அல்ல, அதை நான் கண்டுபிடித்துவிடுவேன். கல்யாணமான புதிதில் கேட்ட, மூக்கு அடைத்துக்கொள்வது போன்ற அந்தச் சிரிப்பு. பிறகு இரண்டு முறை கைதட்டும் சத்தம் கேட்டது. உள்ளே கொசு போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் சிரிப்பு மனத்தில் தைத்துக்கொண்டது. அன்று சாயங்காலம் துண்டு போடுவதற்கு முன்னால் ஹெட்போனை மாட்டி அந்தக் கோப்பைக் கேட்டேன்.

அத்தியாயங்களுக்கு நடுவில் அவள் பேசிக்கொண்டே இருந்தாள். “வெட்டு சார், இந்த எழுத்தாளர் மூச்சு விடவே மாட்டாரு போல, ஒரு வாக்கியம் ஒன்றரைப் பக்கம்.” எதிர்வீட்டுக்காரர் காரைத் துடைக்கும் அழகு, மகளின் புதுத் தோழி, மாடிப்படியில் விழப்போனது, என் குறட்டை என்று எல்லாமே இருந்தது. எனக்குத் தலையாட்டலும் விரலும். யாரோ ஒரு பூனைக்காரனுக்கு இத்தனை பேச்சு. அதன் பிறகு ஒவ்வொரு கோப்பையும் கேட்டுவிட்டுத்தான் துண்டு போட்டேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமைக் கோப்பில் ஒரு மணி நாற்பத்திரண்டாவது நிமிஷத்தில் அது வந்தது. எழுநூறு பக்க நாவல் அது. வெள்ளிக்கிழமைக்குள் இந்த மாதிரிப் பதிவு பதிப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் முழுப் புத்தகமும் அவளுக்கு, இல்லையென்றால் வேறொரு குரலைப் பார்த்துக்கொள்வார்கள். இத்தனை பெரிய வேலை அவளுக்கு வந்ததே இல்லை. கதையில் ஒருத்தி வீட்டை விட்டு ரயிலேறிப் போகிறாள். அந்த இடத்தை வாசித்து முடித்து, இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அவள் சொன்னாள்: “நானும் போயிருக்கேன் சார். பாப்பாவுக்கு ரெண்டு வயசு. பக்கத்து வீட்டுல விட்டுட்டு ரயில் ஏறிட்டேன். எங்கன்னெல்லாம் தெரியாது. ரெண்டு ஸ்டேஷன் தாண்டி இறங்கி, அடுத்த வண்டியில திரும்பி வந்துட்டேன். சாயங்காலம் இவர் வந்தாரு. நீல சட்டைய இஸ்திரி போட்டாச்சான்னு கேட்டாரு. போட்டாச்சுன்னு சொன்னேன்.” பிறகு அந்தச் சிரிப்பு. பிறகு இரண்டு தட்டு.

நான் அதை ஏழெட்டு முறை கேட்டிருப்பேன். அவள் போனது வலித்ததா என்றால், வலித்தது. ஆனால் அதைவிட அதிகமாக வலித்தது, அவள் அதைப் போய் அவனிடம் சொன்னதுதான். பதினாறு வருஷம் நெஞ்சில் வைத்திருந்ததை எனக்கில்லாமல் அவனுக்குக் கொடுத்திருக்கிறாள். அது அவன் காதுக்குப் போகக் கூடாது. என் தலையில் அப்போது இருந்தது அது ஒன்றுதான். அந்த நிமிஷத்தை மட்டும் வெட்டியெறிந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். பாகம் தொலைந்தது என்றால் பழி இணையத்தின் மேல் போகும். வேலை கைவிட்டுப் போனால் அலமாரியும் மூடும், அவள் மறுபடி என்னிடம் பேசுவாள் என்றுகூட ஒரு கணக்கு ஓடியது. இதை எழுதும்போது கூசுகிறது. அன்று கூசவில்லை.

வியாழக்கிழமை அலுவலகத்துக்குப் போகவில்லை. பதினொரு மணிக்கு, அவள் உள்ளே இருந்தபோது, வெளியே வைத்திருந்த அவளுடைய அலைபேசியில் பூனை வந்தது. எடுத்தேன். எதிர்முனையில் வயதான குரல், வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது. மூன்றாவது பாகம் வரவில்லை, நாளைக்குக் கொடுக்காவிட்டால் அம்மாவுக்கு வேலை போய்விடுமே என்று அவர் கவலைப்பட்டார். இணையம் சரியில்லை என்றேன். அத்தோடு போனை வைத்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை. நடுநடுவே அவள் பேசுவதெல்லாம் கேட்க நன்றாகப் பொழுதுபோகுமே என்று கேட்டுவிட்டேன்.

“அதை யாருங்க கேக்கறது?” என்றார். “ரெண்டு தட்டுத் தட்டுவாங்க. திரையில ஓடற சத்த அலையில ரெண்டு ஊசி மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும். மறுபடி ரெண்டு ஊசி. நடுவுல இருக்கறதைச் சத்தமே வைக்காம அப்படியே அள்ளிப் போட்டுடுவேன். அது நாங்க ரெண்டு பேரும் முதல் நாளே பேசி வெச்சுக்கிட்டது. மனுஷனுக்கு இருக்கற காது ரெண்டு, அதுவும் எனக்கு ஒண்ணுதான் சரியா கேக்கும்.”

கொசு என்று நினைத்தேனே, அந்தக் கைதட்டல். அலமாரிக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவள் யாருக்கோ குரல் கொடுத்து அழுதுகொண்டிருந்தாள், கதையில். புகார்க் கடிதங்களிலிருந்து மூன்றாம் பாகத்தை எடுத்து உடனே ஏற்றினேன். நாற்பது நிமிஷம் ஆனது. அந்த நாற்பது நிமிஷமும் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவள் பேச்சை இந்த உலகத்தில் கேட்டவன் நான் ஒருவன்தான் என்று ஆகிவிட்டதல்லவா.

வெள்ளிக்கிழமை வேலை அவளுக்கே என்று உறுதியானது. வெட்டு சார் ஒரு சொல்லின் உச்சரிப்பில் சந்தேகம் கேட்டிருந்தார். அதைச் சரிபார்க்க அவள் என் லேப்டாப்பில் அந்தக் கோப்பைத் திறந்தாள். நான் சோபாவில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கோப்பை முன்பு எங்கே நிறுத்தினோமோ அங்கிருந்தே தொடரட்டுமா என்று கேட்கிற பிளேயர் அது. அதை மாற்றி வைக்க எனக்குத் தோன்றவே இல்லை. துண்டு போடுகிறவனுக்கு இந்தப் புத்தி எங்கே போனது என்று தெரியவில்லை.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, மதியத்துக்கு மேல் பேசாதவள், பேசினாள்.

“ஒரு மணி நாப்பத்திரெண்டு நிமிஷம்னு காட்டுது.”

ஷூவின் முடிச்சு அவிழவில்லை. குனிந்தபடியே கேட்டேன். “என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“யாரும் கேக்க மாட்டாங்கன்னுதான் சொன்னேன்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பிடிமானம் இருந்திருக்கும். லேப்டாப்பை மூடி என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, காய்ந்த துணிகளை எடுக்க மாடிக்குப் போனாள். இஸ்திரி போட வேண்டிய சட்டைகளைத் தனியாக மடித்து வைத்தாள்.

அதற்குப் பிறகு சண்டை ஒன்றும் இல்லை. சாப்பாட்டு மேஜையில் அவள் கையை நீட்டினாள், நான் உப்பை எடுத்துக் கொடுத்தேன். ஒரு சாயங்காலம் ரயிலைப் பற்றி நானாக ஆரம்பித்தேன். அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

பத்து நாள் கழித்து, கடைக்குப் போகும் அவசரத்தில், அன்றைய பதிவை அனுப்பிவிடச் சொல்லி ஒரு சீட்டு எழுதி வைத்தாள். “சின்ன ஃபைல்தாங்க. அப்படியே அனுப்பிடலாம்.” திறந்து பார்த்தேன். முந்நூற்று எண்பது எம்பி. அதற்கு முந்தைய நாள் முந்நூற்று நாற்பது. அதற்கும் முந்தைய நாள் நானூறு. எல்லாம் அவளே அனுப்பியிருந்தாள். இப்போதெல்லாம் அத்தியாயம் தொடங்கும்போது பொத்தானை அமுக்கி, முடிந்ததும் நிறுத்திவிடுகிறாள்.

கேட்கக் கூடாது என்று எனக்கே தெரியும். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். திரையில் அலைகள் சீராக ஓடின, எங்கேயும் ஊசி இல்லை. கடைசி வரிக்குப் போனேன். வாசித்து முடித்த பிறகு, என்னவோ சொல்லப்போவது போல அவள் பாதி மூச்சு இழுக்கிறாள். உடனே பொத்தான் அமுங்கும் சத்தம். நான் இரண்டு விநாடி பின்னால் போய், அந்தப் பாதி மூச்சை மறுபடி ஓடவிட்டுக் கேட்டேன்.